சிக்கிக்கொண்ட தோட்டா

ஜூலை 6, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. எழுதுகிற நிலைமையில் இல்லை.

ஆறுச்சாமி மச்சானின் உருளைக்கிழங்குக் காட்டில் ஒரு வாரமாகப் பன்றி இறங்கிக் கிழங்கைத் தோண்டித் தள்ளிக்கொண்டிருந்தது. பஞ்சாயத்து உத்தரவு என் பெயருக்கு வந்தது. கேரளப் பக்கத்து இந்த மலையில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். பட்டாளத்தில் இருந்து வந்தவன் என்று உத்தரவு எப்போதும் என்னிடம்தான் வரும். பொழுது சாயும் நேரத்தில் மச்சானும் நானும் வரப்பு மேட்டில் காத்திருந்தோம். நல்ல வெளிச்சம் இருந்தது. பெரிய ஒற்றைப் பன்றி. சுட்டேன். தோளுக்குக் கீழே பட்டது, ஆனால் விழவில்லை. திரும்பி எங்களை நோக்கியே வந்தது.

அடுத்த தோட்டாவை ஏற்ற, தாழ்ப்பாள் போன்ற போல்ட்டைத் தூக்கி இழுத்தேன். சுட்ட காலித் தோட்டா வெளியே வரவில்லை. உள்ளேயே கிடந்தது. அது தெரியாமல் அவசரத்தில் போல்ட்டை முன்னால் தள்ளினேன். அடுத்த தோட்டா மேலே வந்து காலித் தோட்டாவோடு முட்டிக்கொண்டு நின்றது. பிறகு போல்ட் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

மச்சான் எனக்கு வலது பக்கம் நின்றிருந்தார். பன்றி அவர் தொடையைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது.

உடுமலையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். கால் எப்படி ஆகும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

பன்றி இன்று காலை ஓடையில் செத்துக் கிடந்தது. உத்தரவில் சொன்னபடி மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்தோம்.

ஜூலை 7, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மச்சான் தூக்கத்தில் இருந்தார். அவர் மகள் மட்டும் பேசினாள். "துப்பாக்கி சிக்கிக்கிச்சாம், அப்பா சொன்னாருங்க மாமா. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். நல்ல பெண். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பத்தொன்பது வருடப் பழக்கம் உள்ள துப்பாக்கி. ஒரு நாள் கூட இப்படிச் செய்ததில்லை.

ஜூலை 9, புதன்

காரணம் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

துப்பாக்கியைக் கழற்றி மேசையில் பரப்பினேன். குழாயின் பின்பக்கம் தோட்டா உட்காரும் இடத்தில் துணி விட்டு இழுத்தால் காவி நிறமாக அழுக்கு வந்தது. சுட்டவுடன் பித்தளைத் தோட்டா சூட்டில் விரிந்து சுவரை ஒட்டிக்கொள்ளும். சுவர் வழவழப்பாக இருந்தால் உடனே விட்டுவிடும். அழுக்கோ துருவோ இருந்தால் பிடித்துக்கொள்ளும். குழாயை வருடா வருடம் துடைக்கிறேன். இந்த ஒரு விரல் நீளத்தை யார் கவனிக்கிறார்கள்!

பிரஷ் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். புதிய எண்ணெய்ப் புட்டி வாங்கியிருந்தேன். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், அந்த எண்ணெய்க்கு வாசனையே இல்லை. தெய்வானை சமையலறையிலிருந்து வந்து, "ஏனுங்க, ஊட்டுக்குள்ள நாத்தம் குடலப் பொரட்டுது, வெளிய கொண்டுபோய்த் தொடைக்கக் கூடாதா?" என்றாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு குறை.

சின்ன ஸ்க்ரூவை மாட்ட அரைமணி நேரம் ஆனது. கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஜூலை 12, சனி

இல்லை, அழுக்கு மட்டும் காரணம் இல்லை. தோட்டாக்களே கெட்டிருக்கின்றன.

இடுப்பில் கட்டும் தோல் பெல்ட்டில் தோட்டாக்களைச் செருகியே வைத்திருந்தேன். இன்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் தோல் பட்ட இடத்தில் எல்லாம் பச்சைக் களிம்பு. தோல் பதனிடும் மருந்து பித்தளையை அரிக்கும் என்று பட்டாளத்தில் படித்துப் படித்துச் சொல்வார்கள். அப்படி இருந்தும் மறந்திருக்கிறேன். களிம்பு ஏறிய தோட்டா சிக்காமல் என்ன செய்யும்?

மனசு கொஞ்சம் லேசானது. மச்சான் வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைக் காட்டி விளக்கிச் சொல்ல வேண்டும்.

சட்டைப் பொத்தான் போடுவதற்குள் பஸ் போய்விட்டது. இந்தப் புதுச் சட்டைகளுக்குக் காஜா சின்னதாக வைக்கிறார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

பழைய தோட்டாக்களை ஒதுக்கிவிட்டுப் புதுப் பெட்டி வாங்கி வந்தேன். வெடிமருந்து இல்லாத பயிற்சித் தோட்டாக்களும் வாங்கினேன்.

வீட்டில் பயிற்சித் தோட்டாவைப் போட்டு இழுத்துப் பார்த்தேன்.

வரவில்லை.

போல்ட் நுனிக் கொக்கி அதைப் பிடித்துக் குழாயிலிருந்து வெளியே கொண்டுவருகிறது. ஆனால் துள்ளி விழ வேண்டிய தோட்டா அப்படியே உள்ளே மல்லாந்து கிடக்கிறது. சுடாத தோட்டா. சூடும் இல்லை, அழுக்கும் இல்லை, களிம்பும் இல்லை. அப்புறம் ஏன்?

திரும்பவும் செய்தேன். வந்தது. திரும்பவும். வரவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 17, வியாழன்

மச்சானை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். வாசலில் சொந்தக்காரர் கூட்டம். நடுவில் உட்கார்ந்து எல்லோரிடமும், "துப்பாக்கி பழசுங்க. மாப்ள என்ன பண்ணுவாரு, பாவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பெல்ட்டைக் கொண்டுபோகவில்லை. அதை வைத்து என்ன சொல்வது?

கிளம்பும்போது டீக்கடைப் பழனியாண்டி, "பட்டாளத்தாரே, வலது கையில என்ன, கண்ணுக்குத் தெரியாத பை எதாச்சும் தூக்கிட்டுப் போறீங்களா? வீசாம தொங்குது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சுடும்போது தோளில் கட்டை இடித்த வலி இன்னும் போகவில்லை, அதனால்தான் என்று சொன்னேன்.

ஜூலை 18, வெள்ளி

மழை. பீன்ஸ் கொடிக்குக் கயிறு கட்டினேன். முடிச்சு போட வரவில்லை. நைலான் கயிறு வழுக்குகிறது.

ஜூலை 21, திங்கள்

பஞ்சாயத்து ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பிரசிடண்ட் லிசம்மா மரியாதையானவர். நாற்காலி போடச் சொல்லிவிட்டு, "நாச்சிமுத்து சேட்டா, தேஷ்யப்படக் கூடாது. ஒரு ஆளுக்குக் காயம் பற்றிப் போயி. துப்பாக்கி சரியாயிருக்குன்னு ரிப்பேர்காரன்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் அடிமாலிப் பக்கத்து ஆளக் கூப்பிடறோம்" என்றார்.

நான் கோபப்படவே இல்லை. நியாயம்தானே என்றேன். அவர் திரும்பத் திரும்ப, "தேஷ்யமில்லையே? முகம் அப்படி இருக்கே" என்றார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். என் முகம் என் முகமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

தொடுபுழா போய் வந்தேன். பவுலோஸ் அங்கே துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அப்பா காலத்திலிருந்தே அதுதான் தொழில்.

முழுவதையும் பிரித்தார். காலித் தோட்டாவின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் கொக்கியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "கொஞ்சம் தேஞ்சிருக்கு சாரே. ஆனா இதுக்கெல்லாம் விடாது" என்றார். விடாது என்று அவரே சொல்லும்போது, அப்புறம் எதனால்? அவருக்கும் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று புதிய கொக்கி, புதிய ஸ்பிரிங் போட்டார். கடைக்குப் பின்னால் மணல் நிரப்பிய பெட்டி இருக்கிறது. அதில் சுட்டுப் பார்த்தார். போல்ட்டை இழுத்தார். காலித் தோட்டா துள்ளிச் சுவரில் பட்டு விழுந்தது. இன்னொன்று. அதுவும் பறந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

"இனி சார் நோக்கிக்கோ" என்று கொடுத்தார்.

நான் சுட்டேன். இழுத்தேன். காலித் தோட்டா உள்ளேயே கிடந்தது.

பவுலோஸ் வாங்கிச் சுட்டார். பறந்தது. நான் சுட்டேன். கிடந்தது.

பவுலோஸ் துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"சாரே, இந்த மாடல்ல போல்ட் கடைசி வரைக்கும் பின்னால வந்தாத்தான் உள்ள இருக்கற ஆணி தோட்டாவத் தட்டும். தட்டறதும் வேகமாத் தட்டணும். மெல்ல இழுத்தா தோட்டா கீழதான் கிடக்கும். சார் கொஞ்சம் பேடிச்சு, பயந்து இழுக்கற மாதிரி..."

"நான் பட்டாளத்துல பதினேழு வருசம் போல்ட் இழுத்தவன் பவுலோஸ்" என்றேன். சத்தமாகச் சொல்ல நினைத்தேன். குரல் எழும்பவில்லை. அவருக்குக் கேட்டதா என்று கூடத் தெரியவில்லை.

அவர் சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். துப்பாக்கி நல்ல நிலையில் இருக்கிறது என்று. பணம் வாங்க மறுத்தார். "சாரே, கை வலி எதாவது உண்டோ?" என்று கேட்டார். தோள் வலி என்றேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். என் உயரத்துக்குக் கட்டை நீளமோ? நான் பிடிக்கிற கோணத்தில் தோட்டா சரியாகத் திரும்பவில்லையோ? பவுலோஸ் குள்ளம். அதுவாக இருக்கலாம்.

ஜூலை 27, ஞாயிறு

கட்டைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நின்று, உட்கார்ந்து, படுத்து, எல்லா விதத்திலும் இழுத்துப் பார்த்தேன். காலையில் எழுந்தவுடன் சுத்தமாக வருவதில்லை. பத்து மணிக்கு மேல் சில சமயம் வருகிறது. இரும்புக்குக் குளிர் பிடிக்குமா? மலைக் குளிரில் எண்ணெய் இறுகிவிடுகிறதா? வாசனை இல்லாத எண்ணெய் ஆயிற்றே, கலப்படமாகத்தான் இருக்கும்.

எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு இழுத்தேன். அதே கதை.

தெய்வானை என் நோட்டைப் பார்த்துவிட்டு, "இதென்ன எழுத்து? எறும்பு ஊர்ற மாதிரி. போன வருசம் எழுதுனதெல்லாம் கொட்டக் கொட்டயா இருந்துச்சே" என்றாள். பேனா மெல்லிசு என்றேன். அவள் அதே பேனாவால் பால் கணக்கு எழுதிக் காட்டினாள். கொட்டை கொட்டையாக இருந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சர்ட்டிபிகேட்டைப் பஞ்சாயத்தில் கொடுத்தேன். பிரசிடண்ட் அன்றைக்கே உத்தரவு போட்டார். அடிமாலிக்காரர் வர நாளாகுமாம். பூண்டுக் காட்டில் பன்றி இறங்குகிறது.

கொடுத்திருக்கக் கூடாதோ என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. பவுலோஸ் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

பூண்டுக் காட்டுக்குப் போனேன். பன்றி வந்தது. சுடவில்லை. வெளிச்சம் போதவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று வெளிச்சம் போதுமானதாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தோள் வலிக்கு தெய்வானை தைலம் தேய்த்துவிட்டாள். கையை மடக்கி நீட்டும்போது, "ஏனுங்க, தளர விடுங்க. எதுக்கு வெறைப்பா வெச்சிருக்கீங்க?" என்றாள். தளரத்தான் விட்டிருந்தேன்.

அவள் போன பிறகு துப்பாக்கியை எடுத்தேன். வலது கையெல்லாம் தைலப் பிசுக்கு. அது இரும்பில் பட வேண்டாம் என்று துப்பாக்கியை மடியில் திருப்பி வைத்துக்கொண்டு இடது கையால் போல்ட்டை இழுத்தேன். இடது கைக்குப் பழக்கமே இல்லாத வேலை. கோணல் மாணலாகத்தான் இழுத்தேன்.

பயிற்சித் தோட்டா பறந்துபோய் அலமாரிக் கதவில் அடித்தது.

எடுத்து வந்து மறுபடி போட்டேன். பறந்தது. மறுபடி. பறந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு வலது கையால் இழுத்தேன். என் கண்ணால் பார்த்துக்கொண்டே இழுத்தேன். வேகமாக இழுப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் போல்ட் தேர் நகர்கிற மாதிரி வருகிறது. கடைசிக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிடுகிறது. நான் முழுக்க இழுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். கை இழுக்கவில்லை.

நிமிர்ந்தால் தெய்வானை வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"டாக்டர்கிட்டப் போலாமுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

பிரசிடண்டுக்குப் போன் செய்து உடம்பு சரியில்லை, உத்தரவை வேறு ஆளுக்கு மாற்றுங்கள் என்றேன். காய்ச்சலா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கோயமுத்தூர் போய் வந்தோம். நரம்பு டாக்டர் இளவயதுப் பெண். துப்பாக்கிக் கதையை நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அழுக்கு, களிம்பு, கொக்கி, ஸ்பிரிங், எண்ணெய். முழுவதும் கேட்டார். பெரும்பாலான ஆட்கள் பாதி சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள், நீங்கள் நன்றாகச் சொல்கிறீர்கள் என்றார்.

பிறகு கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை தட்டத் தொடங்கி, சின்னதாகி, சின்னதாகி, நின்றது. நடக்கச் சொன்னார். பெயர் எழுதச் சொன்னார். மணிக்கட்டைப் பிடித்து மெல்லச் சுற்றினார்.

"வாசனை தெரியுதாங்க அய்யா?"

நான் பதில் சொல்வதற்குள் தெய்வானை, "ஒரு வருசமா ரசம் தாளிச்சாக்கூடத் தெரியலீங்க" என்றாள். அவள் எப்போது இதையெல்லாம் கவனித்தாள்?

பார்க்கின்சன் என்றார். நடுக்குவாதம். எனக்கு நடுக்கமே இல்லையே என்றேன். சிலருக்கு நடுக்கம் இல்லாமல் இறுக்கமும் மந்தமுமாகத்தான் ஆரம்பிக்கும் என்றார். போகாது, ஆனால் மாத்திரையில் நல்ல பலன் தெரியும், நடமாட்டம் வரும், பல வருடம் சமாளிக்கலாம் என்றார்.

"துப்பாக்கி?" என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுங்க அய்யா" என்றார்.

பஸ்ஸில் தெய்வானை தூங்கிவிட்டாள். உண்மையில் தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மச்சான் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல் பக்கத்தில். கால் நன்றாக மடங்கவில்லை. இனி மேட்டுக் காட்டில் ஏறி இறங்க முடியாது, குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள்.

அவர் மகள் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் இடது கையில் வாங்கிக்கொண்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"மச்சான், துப்பாக்கியில ஒரு கோளாறும் இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றார்.

நான் காப்பியைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு உனக்குப் பக்கத்துலதான மாப்ள நின்னேன். நீ இழுத்தத நான் பாத்தேன். பாதிதான் இழுத்த. பயந்துட்டியோன்னு முதல்ல நெனச்சேன். அப்புறம் ஆஸ்பத்திரியில படுத்து யோசிச்சா, நீ பயப்படற ஆளு இல்ல. தைப்பொங்கலுக்கே வேட்டி மடிச்சுக் கட்ட உனக்குக் கை வரல, பாத்தேன். என்னமோ இருக்குதுன்னு தோணுச்சு."

"அப்பறம் எல்லார்கிட்டயும் துப்பாக்கி பழசுன்னு சொன்னீங்களே?"

"பின்ன என்ன சொல்ல? துப்பாக்கிக்கு மானம் போகுமா?"

அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இந்த வியாதியால் என் முகத்தில் எதுவும் வெளியே தெரியாது என்பது இப்போது எனக்குத் தெரியும். அப்படி இருந்தும் அவருக்குத் தெரிந்தது.

"அத எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன். "இடையில பூண்டுக் காட்டுக்குப் போனேன் மச்சான். தனியா."

மச்சானின் முகம் மாறிவிட்டது. ஊன்றுகோலைத் தடவினார்.

"அது என் தப்பு" என்றார். "உம் மனசு நோகக் கூடாதுன்னு பாத்தேன். உம் உசுரப் பாக்கல."

காப்பி ஆறிவிட்டது. அதன் பிறகு இருவரும் உரம் விலையைப் பற்றிப் பேசினோம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்க் காய்ச்சல் இல்லை என்று சொன்னேன். என்ன வியாதி என்றும் சொன்னேன். சர்ட்டிபிகேட்டில் துப்பாக்கியைப் பற்றி எழுதியது சரி, என்னைப் பற்றி யாரும் எழுதச் சொல்லவில்லை என்றேன். லிசம்மா எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

மாத்திரை ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. இன்று பொத்தான் எல்லாவற்றையும் நானே போட்டேன். மேல் பொத்தான் மட்டும் தெய்வானை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். தெய்வானையும் வந்தாள். துப்பாக்கியை உறையோடு மேசையில் வைத்தேன். எழுத்தர் புதிய பையன். "காலியா இருக்குன்னு திறந்து காட்டுங்க சார்" என்றான்.

வலது கையால் பிடித்தேன். ஏன் வலது கையால் பிடித்தேன் என்று தெரியவில்லை. பட்டாளத்தில் பழகிய கை. போல்ட் மேலே எழுந்தது, பாதி வந்தது, நின்றது. பையன் காத்திருந்தான். பின்னால் வரிசையில் இரண்டு பேர். நான் இழுக்கிறேன், இழுக்கிறேன், அது அங்கேயே நிற்கிறது.

தெய்வானை பக்கத்தில் வந்து என் கைமேல் தன் கையை வைத்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த இரும்பை அவள் தொட்டதே இல்லை. "இப்படியுங்களா?" என்றாள். "இன்னும் பலமா" என்றேன். இருவருமாக இழுத்தோம்.

போல்ட் கடைசி வரை வந்து டக்கென்று நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை. பையன் குனிந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டான்.

வெளியே வந்ததும் டீ குடிக்கலாமா என்று கேட்டாள். குடிக்கலாம் என்றேன்.